நாய்களுக்கு வைக்கும் பரீட்சையும் ஒரு கணக்கு டீச்சரின் ஆட்சேபணையும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பாதி படித்துவிட்டுக் கமெண்ட் போடுகிறவர்களை நான் கண்டுபிடித்துவிடுவேன், 34 வருஷம் விடைத்தாள் திருத்தியவள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தெருநாய்ப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் அண்ணன் மகன் ஒரு யோசனை சொன்னான். "அத்தை, இதுல என்ன குழப்பம்? எல்லா நாயையும் புடிச்சு காப்பகத்துல வெச்சு ஒரு டெஸ்ட் வைக்கட்டும். கடிக்கிற குணம் இருந்தா உள்ளயே இருக்கட்டும். சாதுவா இருந்தா வெளிய விட்டுடட்டும். சிம்பிள்." அதையே தன் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டான். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் பாதிப்பேர் என்னிடம் நிகழ்தகவு படித்தவர்கள். அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

அவன் சொன்னது வெறும் திண்ணைப் பேச்சும் இல்லை. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத்துத் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடே இரண்டுபட்டது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உள்ளவை, இருக்கும் என்று சந்தேகிக்கப்படுபவை, ஆக்ரோஷமான நடத்தை காட்டுபவை ஆகியவற்றை மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7ஆம் தேதி வந்த ஆணையில் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களையும் அகற்றிக் காப்பகத்தில் வைக்கச் சொன்னார்கள்.

இதில் நான் பேச வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. "ஆக்ரோஷமான நடத்தை." வெறிநோயைச் சோதனைச்சாலையில் உறுதி செய்யலாம். ஆக்ரோஷத்தை எதை வைத்து அளப்பது? யார் அளப்பது? பிடித்த எத்தனையாவது நாளில்? ஆணை இதைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் விழுகிற நாய்க்கு மிச்ச ஆயுள் முழுக்கக் கூண்டு. இவ்வளவு கனமான தண்டனையை இவ்வளவு தளர்வான சொல்லில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். என் மருமகன்மார்களும் மாணவர்களும் அதற்கு "ஒரு டெஸ்ட்" போதும் என்கிறார்கள்.

அந்த டெஸ்ட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் காப்பகங்களில் பல வருஷங்களாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே அதனால் உயிரே போனது. தோற்ற நாய்க்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

எப்படி வைப்பார்கள் தெரியுமா? நாயை ஒரு அறைக்குக் கொண்டுவருவார்கள். தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பார்கள். விலாப்பக்கத் தோலைப் பிடித்து இழுப்பார்கள். கால்விரல்களுக்கு நடுவே அமுக்குவார்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்து, அது தின்றுகொண்டிருக்கும்போது ஒரு கம்பின் முனையில் மாட்டிய பிளாஸ்டிக் கையை நீட்டித் தட்டை நகர்த்துவார்கள். சில இடங்களில் குழந்தை உயரத்துக்கு ஒரு பொம்மையை எதிரே நடத்திக்கொண்டு வருவார்கள். உறுமுகிறதா, விறைக்கிறதா, பல்லைக் காட்டுகிறதா என்று குறித்துக்கொள்வார்கள். அந்தப் பிளாஸ்டிக் கையைப் பிரபலப்படுத்தியவர் சூ ஸ்டெர்ன்பர்க் என்ற நாய்ப் பயிற்சியாளர். அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்காக எமிலி வைஸ் என்பவர் 'சேஃபர்' என்ற தேர்வை வடிவமைத்தார். கெட்ட எண்ணத்தில் செய்தவர்கள் இல்லை. அதற்கு முன் ஊழியர் பார்த்த பார்வையில் பிடித்திருந்தால் வாழ்வு, இல்லையென்றால் சாவு என்றிருந்த இடத்தில் ஒரு முறை வேண்டும் என்று நினைத்தவர்கள். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நோக்கத்துக்கு மார்க் போட்டால் எல்லாரும் பாஸ்.

நம் ஊரில் "குரைக்கிற நாய் கடிக்காது" என்று ஒரு வரியில் நடத்தை மதிப்பீட்டை முடித்துவிட்டோம். அதை நம்பிக் கடி வாங்கினவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அமெரிக்காக்காரர்கள் செய்தது அதைவிடச் செலவு கூடிய பழமொழி, அவ்வளவுதான்.

ஒரு பரீட்சையைப் பற்றி நான் முதலில் கேட்பது இது எதை அளக்கிறது என்பதைத்தான். காப்பகத்தில் இருக்கும் நாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். தெரியாத இடம். நாற்றம். ஒரு நாய் குரைக்க எல்லாம் சேர்ந்து குரைக்கும். அடைத்த கூடங்களில் அந்தச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 1990களில் ஒஹையோவில் மைக்கேல் ஹென்னஸி குழுவினர் காப்பக நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ஏறுகிற ஹார்மோன் அது. காப்பகத்துக்கு வந்த முதல் 3 நாட்களில் அதன் அளவு உச்சத்தில் இருந்தது. பிறகு மெல்லத்தான் இறங்கியது. அந்த நிலையில் உள்ள பிராணியின் சாப்பாட்டுத் தட்டை இழுத்துவிட்டு, அது உறுமினால் "குணம் கெட்டது" என்று எழுதுவதை என்னவென்று சொல்வது? அளந்தது காப்பகத்தை. கையெழுத்துப் போட்டது நாயின் தலையில்.

அதுவும் அந்தத் தேர்வெல்லாம் பெரும்பாலும் வீட்டில் வளர்ந்த நாய்களை மனதில் வைத்துச் செய்தவை. நம் தெருநாய்க்குக் கழுத்துப் பட்டையும் தெரியாது, கயிறும் தெரியாது. தலையைப் பிடித்து உற்றுப் பார்க்கும் மனிதரை அது வாழ்நாளில் பார்த்ததில்லை. நாய் மொழியில் நேராக உற்றுப் பார்ப்பதே ஒரு சவால். தட்டில் சாப்பிட்ட பழக்கமும் கிடையாது. கிடைத்ததை இன்னொரு நாய் பறிப்பதற்குள் விழுங்கியே வளர்ந்தது. வலையில் பிடித்து, வண்டியில் ஏற்றி, கருத்தடை ஆபரேஷன் முடிந்து தையல் காயம் ஆறுவதற்குள் அதற்குப் பரீட்சை வைத்தால் அது பல்லைக் காட்டாமல் பாட்டா பாடும்?

உறுமலைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். உறுமல் என்பது எச்சரிக்கை. "இதோடு நிறுத்து, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அதற்குத் தெரிந்த ஒரே வாக்கியம். எச்சரித்த நாயைத் தண்டித்துவிட்டு, எச்சரிக்காமல் உறைந்து நின்ற நாயைச் சாது என்று அனுப்புகிறோம். வகுப்பில் சத்தம் போடுகிறவன் கெட்டவன், வாயே திறக்காதவன் நல்லவன் என்று எழுதுகிற ஆசிரியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது பென்சிலை எடுங்கள்.

100 நாய்கள். அதில் உண்மையாகவே ஆபத்தானவை 10 என்று வைப்போம். தாராளமாகவே வைக்கிறேன். தேர்வும் நல்ல தேர்வு என்று வைப்போம்: ஆபத்தான நாயைப் பத்துக்கு எட்டு முறை சரியாகப் பிடிக்கும், நல்ல நாயைப் பத்துக்கு எட்டு முறை நல்லது என்று சொல்லும். 80 சதவீதம் துல்லியம். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

ஆபத்தான 10இல் 8 மாட்டும். சரி. நல்லவை 90. அதில் 80 சதவீதம், அதாவது 72, பாஸ். மீதி 18 நல்ல நாய்கள் ஃபெயில். ஆக, "ஆக்ரோஷமானது" என்று முத்திரை குத்தப்பட்டவை 8 + 18 = 26. அந்த 26இல் 18 தப்பு. அதாவது ஆயுள் தண்டனை பெற்ற பத்துப் பேரில் ஏழு பேர் நிரபராதி. ஆபத்தானவை 100க்கு 5 மட்டும்தான் என்றால் இன்னும் மோசம்: 4 சரியாக மாட்டும், 19 தப்பாக மாட்டும். ஒரு மாநகரில் 10,000 நாய்க்கு இப்படிச் செய்தால், தப்பாக உள்ளே போகிறவை மட்டும் 1,900. காப்பகத்தில் இடமில்லை, பணமில்லை என்று மாநகராட்சிகள் புலம்புகின்றன. புலம்பிக்கொண்டே நிரபராதிகளுக்கு வாழ்நாள் முழுக்கச் சோறு போடத் திட்டம் போடுகிறோம்.

நல்லது அதிகமாகவும் கெட்டது குறைவாகவும் இருக்கிற கூட்டத்தில் எந்தத் தேர்வு வைத்தாலும் இது நடக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குதான். 2016இல் கேரி பேட்ரோனெக் என்ற கால்நடை மருத்துவரும் ஜேனிஸ் பிராட்லியும் ஒரு கால்நடை நடத்தையியல் ஆய்விதழில் இதையே விரிவாக எழுதினார்கள். காப்பகத் தேர்வு காசு சுண்டிப் போடுவதைவிட மேலானதில்லை என்பதையே கட்டுரைத் தலைப்பாகவும் வைத்தார்கள்.

கற்பனைக் கணக்கு வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் டீச்சர் என்பீர்கள். 2013இல் வெளிவந்த ஒரு ஆய்வு. ஏமி மார்டரும் கூட்டாளிகளும் பாஸ்டனில் செய்தது. காப்பகத்தில் தட்டுப் பரீட்சை எழுதி, பிறகு வீடுகளுக்குத் தத்துப் போன 97 நாய்கள். காப்பகத் தேர்வில் 20 நாய்கள் சாப்பாட்டுக்குச் சண்டை போடும் என்று வந்தது. 77 போடாது என்று வந்தது. வீட்டுக்குப் போன பிறகு? அந்த 20இல் 11தான் வீட்டில் அப்படி நடந்துகொண்டது. மீதி 9 சாதுவாகச் சாப்பிட்டது. "போடாது" என்று சர்டிபிகேட் வாங்கிய 77இல் 17 வீட்டில் உறுமியது. கூட்டிப் பாருங்கள். வீட்டில் உண்மையாகவே தட்டைக் காத்தவை 28. தேர்வு பிடித்தது 11. தவறவிட்டது 17. என் வகுப்பில் இந்த மார்க்குக்குப் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன். இன்னொன்று, அந்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் குணத்தை ஒரு பெரிய பிரச்சினையாகவே நினைக்கவில்லை. தின்னும்போது பக்கத்தில் போகாமல் இருந்தார்கள், முடிந்தது. மனிதர்களிலேயே தின்னும்போது பக்கத்தில் போகக்கூடாதவர்கள் நம் குடும்பத்தில் இருவர் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை.

அந்த 17ஐ மறுபடி பாருங்கள். நாய் பிடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நாய்களுக்காக மட்டும் வாதாடுகிறேன் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். காப்பகம் ஒரு நாயை "பரிசோதித்துப் பாதுகாப்பானது என்று உறுதி செய்யப்பட்டது" என்று திருப்பி விட்டால் நீங்கள் உங்கள் பேரனை அதன் பக்கத்தில் விடுவீர்கள். அந்தக் காகிதம் இல்லாமல் இருந்தால் எச்சரிக்கையாக இருந்திருப்பீர்கள். நாய்க்கு அநியாயம் செய்கிற அதே தேர்வு உங்கள் பிள்ளைக்கும் குழி தோண்டுகிறது.

பிறகு 2018இல் வந்தது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் 9 காப்பகங்கள். இரண்டு மாதம் தட்டுப் பரீட்சை வைத்தார்கள், அடுத்த இரண்டு மாதம் அதை விட்டுவிட்டார்கள். மொத்தம் 14,180 நாய்கள். பரீட்சையை நிறுத்தியதால் கடி கூடியதா? இல்லை. ஊழியர், தொண்டர், தத்தெடுத்தவர் எல்லாருக்கும் சேர்த்துக் காயம் பட்ட சம்பவங்கள் 104தான்; தேர்வை விட்ட பிறகும் அதில் மாற்றமில்லை. தேர்வு இருந்தபோது தட்டைக் காத்த நாய்கள் அதிக நாள் கூண்டில் கிடந்தன, அதிகமாகக் கொல்லப்பட்டன. ஆய்வு முடிவில், காப்பகங்கள் இந்தச் சோதனையைக் கைவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். பரிந்துரைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 'சேஃபர்' தேர்வை வடிவமைத்த அதே எமிலி வைஸ். தான் போட்ட கேள்வித்தாளில் ஒரு கேள்வியைத் தானே அடித்துவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கழித்துப் போட்டதை நாம் புதுசு என்று வாங்கி மாட்டிக்கொள்ளப் பார்க்கிறோம்.

"அப்போ கடி வாங்குறவங்க கதி?" என்று அண்ணன் மகன் கேட்பான். கேட்கட்டும், நியாயமான கேள்வி. உலகில் வெறிநோயால் சாகிறவர்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் குழந்தைகள் அதிகம். இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிற நாய்ப் பிரியர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் வெறிநோய் குணம் இல்லை, கிருமி. உலகத்திலேயே சாதுவான நாய்க்கும் வரும். வெறி பிடித்த நாய் எல்லாம் வாயில் நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் என்பது சினிமா. சில நாய்க்கு அது முடக்குவாதமாக வரும். ஓரமாகச் சுருண்டு படுத்திருக்கும், பாவம் என்று தொட்டவனுக்கு ஆபத்து. நடத்தைப் பரீட்சையில் அது முதல் வகுப்பில் தேறும். வெறிநோயைத் தடுப்பது தடுப்பூசி. அந்தப் பணத்தையும் ஆளையும் பிளாஸ்டிக் கைக்குத் திருப்பாதீர்கள். யாரை நாய் கடித்தாலும், எந்த நாய் கடித்தாலும், காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். எங்கள் பெரியம்மா வீட்டுப் பக்கத்தில் இன்னும் தடவுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வெட்கக்கேடு.

சரி, ஆபத்தான நாயை எப்படித்தான் கண்டுபிடிப்பது? அது வாழ்ந்த தெருவில் கேளுங்கள். ஒரு நாயைப் பற்றி டீக்கடைக்காரருக்கும், பால்காரருக்கும், காலையில் பேப்பர் போடுகிற பையனுக்கும், பெருக்க வரும் அம்மாவுக்கும் தெரிந்தது எந்த அறையிலும் பத்து நிமிஷத்தில் தெரியாது. யாரைக் கடித்தது, எப்போது, எப்படி? குட்டி போட்டிருந்ததா? கல்லால் அடித்தார்களா? ராத்திரி பைக்கைத் துரத்தினதா, இல்லை, சும்மா நடந்து போன பிள்ளையைக் கடித்ததா? இதெல்லாம் வெவ்வேறு. 2025 செப்டம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஒரு உத்தரவு போட்டது. சீண்டாமலே இரண்டாம் தடவை கடித்த நாய்க்கு ஆயுள் முழுக்கக் காப்பகம். சீண்டினார்களா இல்லையா என்பதைக் கால்நடை மருத்துவர் உட்பட மூன்று பேர் குழு தீர்மானிக்க வேண்டும். தண்டனை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் "என்ன நடந்தது?" என்று கேட்கிறார்களே, அது சரியான கேள்வி. நடந்த கடியை விசாரிப்பது வேறு. இனி கடிக்குமா என்று நாயின் கண்ணுக்குள் ஜோசியம் பார்ப்பது வேறு.

காப்பகத்துக்குள் பார்க்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. பார்க்கட்டும். வந்த அன்றே பார்க்காமல் நாலைந்து நாள் ஆறவிட்டு, பல நாள், பல ஆட்கள், சாப்பாடு வைக்கும்போதும் கூண்டு கழுவும்போதும் வெளியே நடத்தும்போதும் என்ன செய்கிறது என்று பதிவேட்டில் எழுதட்டும். தினமும் சோறு வைக்கிற ஆள் எழுதுகிற நாலு வரிக்கு மதிப்புக் கொடுங்கள். அப்படிப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2007இல் வர்ஜீனியாவில் மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் நாய்ச்சண்டைக் கூடம் பிடிபட்டது. சண்டைக்கென்றே வளர்த்த பிட்புல் நாய்கள். பெரிய விலங்குநல அமைப்புகளே "இவை திருந்தாது, கொன்றுவிடலாம்" என்றன. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பார்க்க நிபுணர்களை அனுப்பியது. அவர்கள் பாஸ், ஃபெயில் என்று பிரிக்கவில்லை. இதை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், இதற்குப் பெரிய காப்பிடம் வேண்டும் என்று தேவைப்படி பிரித்தார்கள். 49இல் ஆக்ரோஷம் காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. இன்னொன்று நோயால். 47 பிழைத்தன. 22 யூட்டாவில் ஒரு சரணாலயத்துக்குப் போயின. சில நாய்கள் பிற்பாடு நோயாளிகளுக்கு ஆறுதலாகவும், வாசிக்கப் பழகும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்காரவும் போயின. சண்டைக்கூடத்து நாய்க்கு இவ்வளவு பொறுமை காட்ட முடிந்தது. நம் தெருமுனையில் வாலாட்டிக்கொண்டு கிடக்கிற நாய்க்கு ஒரு பதிவேடு கூடவா போட முடியாது?

இதற்கெல்லாம் ஆள் எங்கே, நேரம் எங்கே என்றால், ஆயுள் முழுக்க அடைத்து வைக்க மட்டும் ஆளும் இடமும் எங்கிருந்து வரும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

என் மாணவர்களில் மூன்று பேர் கால்நடை மருத்துவர்கள். இருவர் உள்ளாட்சியில் இருக்கிறார்கள், ஒருத்தி வார்டு கவுன்சிலர். உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்க் காப்பகத்தில் கேளுங்கள்: ஒரு நாயை ஆக்ரோஷமானது என்று எழுதுவது யார், பிடித்த எத்தனையாவது நாளில், எதைப் பார்த்து? எழுதியதை மறுபடி பரிசீலிக்க வழி உண்டா? பதிவேடு இருக்கிறதா, இருந்தால் யாராவது பார்க்கலாமா? பதில் கிடைத்தால் கீழே எழுதுங்கள், கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். மற்றவர்கள் என் கணக்கில் பிழை இருந்தால் வரியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "சூப்பர் டீச்சர்", கைகூப்பிய பொம்மை எல்லாம் வேண்டாம். அண்ணன் மகனே, உனக்குத் தனியாக வீட்டுப்பாடம்: ஆபத்தானவை 100க்கு 2, தேர்வின் துல்லியம் 90 சதவீதம். முத்திரை குத்தப்பட்டவற்றில் எத்தனை சதவீதம் தப்பு? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது விடையோடு வா.